போனை முடக்கலாம், கேமராவை முடக்க முடியாது

சித்திரை பிறந்துவிட்டால் விழுப்புரம் ஜங்ஷனில் கேமரா பைகள் இறங்க ஆரம்பித்துவிடும். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் புகைப்படக்காரர்கள் வருகிறார்கள். 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கூவாகம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் ரயில் இறங்குவது, அறை எடுப்பது, திருநங்கையர் பங்கேற்கும் அழகிப் போட்டியைப் படம் பிடிப்பது எல்லாம் பெரும்பாலும் விழுப்புரத்தில்தான். இது போதாதென்று, மாதா மாதம் அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த பிறகு செஞ்சிக் கோட்டைக்கும் தனி மவுசு. முகூர்த்த நாட்களில் திண்டிவனம், விக்கிரவாண்டி, செஞ்சி மண்டபங்களில் ஓடிக்கொண்டிருக்கும் நம்ம ஊர் கல்யாண போட்டோகிராபர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கேமராக்கள் நடமாடும் இடத்தில் அதன்மேல் கண் வைப்பவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

செல்போன் திருட்டு பற்றி அடிக்கடி பேசுகிறோம். போன் போனால் என்ன செய்ய வேண்டும் என்று இன்று பலருக்கும் ஓரளவு தெரியும். கேமரா விஷயம் வேறு. போனுக்கு ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் இருக்கிறது. அதை வைத்து இந்தியாவில் உள்ள எல்லா செல்போன் நிறுவனங்களின் நெட்வொர்க்கிலும் அந்தப் போனை முடக்கிவிட முடியும். கேமராவில் சிம் கிடையாது, நெட்வொர்க் கிடையாது. அதனால் முடக்கவும் வழி கிடையாது. திருடியவர் அன்று மாலையே யாரிடமாவது விற்றுவிட்டால், வாங்கியவர் கையில் அது எந்தத் தடங்கலும் இல்லாமல் வேலை செய்யும். 'அது என்னுடையதுதான்' என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே பிடி, அதன் வரிசை எண். ஆங்கிலத்தில் சீரியல் நம்பர் என்கிறோமே, அதுதான்.

இந்த எண்ணை எழுதி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? உங்கள் நண்பர்களிடமே கேட்டுப் பாருங்கள். "பாக்ஸ்ல இருக்கும்" என்பார்கள். பாக்ஸ் எங்கே என்றால் பரணைக் காட்டுவார்கள்.

வரிசை எண் எங்கே இருக்கும்?

பெரும்பாலான கேமராக்களில் அடிப்பக்கம் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும். சில மாடல்களில் திரையைத் திருப்பினால் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். லென்ஸுக்குத் தனி எண் உண்டு. குழலின் ஓரத்திலோ, கேமராவில் மாட்டும் பகுதிக்குப் பக்கத்திலோ தேடுங்கள். ஃப்ளாஷுக்கும் தனி எண். பலர் கேமரா எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு லென்ஸை விட்டுவிடுகிறார்கள். கேமராவைவிட லென்ஸ் விலை அதிகமாக இருப்பது சர்வ சாதாரணம். கேமராவும் லென்ஸும் ஒன்றாகவே விற்கப்படும் என்ற நிச்சயமும் இல்லை.

எண் தெளிவாகத் தெரியும்படி போனில் ஒரு படம் எடுங்கள். வாங்கிய பில்லையும் உத்தரவாத அட்டையையும் அப்படியே படம் எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. பையோடு போனும் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? பில்லில் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

ஏற்கெனவே கேமராவைப் பறிகொடுத்து, எண்ணும் இல்லாமல் தவிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் தேதி, நேரம், கேமரா மாடல் போன்ற தகவல்கள் பதிவாகும். பல கேமராக்களில் வரிசை எண்ணும் அதோடு சேர்ந்து பதிவாகிறது. அந்தக் கேமராவில் எடுத்த பழைய படம் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தால், இந்த உள்தகவலைக் காட்டும் மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒரிஜினல் கோப்பாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இந்தத் தகவல்கள் நீக்கப்பட்டிருக்கும்.

எப்படித்தான் எடுக்கிறார்கள்?

கத்தியைக் காட்டி மிரட்டிப் பறிப்பதைவிட, நம் கவனத்தை ஒரு பத்து விநாடி வேறு பக்கம் திருப்பி எடுத்துக்கொண்டு போவதுதான் பழைய கைவரிசை. "சார், உங்க பணம் கீழ விழுந்திருக்கு பாருங்க" என்று ஒருவர் சொல்வார். தரையில் நிஜமாகவே இரண்டு பத்து ரூபாய் நோட்டு கிடக்கும். நீங்கள் குனிவீர்கள். நிமிர்வதற்குள் பக்கத்தில் இருந்த பை இருக்காது. "அண்ணா, சட்டையில ஏதோ அசிங்கம் பட்டிருக்கு" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலை நீட்டி உதவுவதும் இதே வகைதான். கார் என்றால் "டயர்ல காத்து இல்ல" என்பார்கள். யாராவது இப்படிக் கூப்பிட்டால் முதலில் கை பையின் மேல் போகட்டும், கண் அப்புறம் தரைக்குப் போகலாம். நிஜமாகவே உதவ வந்தவராக இருந்தால் அவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சென்னையிலிருந்து திருச்சி, மதுரை போகும் இரவுப் பேருந்துகள் பல, திண்டிவனம் – விக்கிரவாண்டி சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு மோட்டலில் டீக்கு நிற்கும். தூக்கக் கலக்கத்தில் பாதிப் பேர் இறங்குவார்கள். பை சீட்டிலோ மேல் தட்டிலோ இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பேருந்துக்குள் ஏறி இறங்குபவர் பயணியா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. துணிப் பை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கேமரா பை உங்களோடு டீக்கடைக்கு வரட்டும். காரில் வருபவர்கள் பின் சீட்டில் பை தெரியும்படி விட்டுவிட்டு இறங்கவே கூடாது. கண்ணாடியை உடைக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம். டிக்கியில் வைப்பதானாலும் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிறுத்தும் இடத்தில் எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து வைப்பது, எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கொடுப்பதற்குச் சமம்.

விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. நள்ளிரவிலும் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். கீழ் பெர்த்தின் அடியில் பெட்டியைக் கட்டுவதற்கென்றே வளையம் இருக்கும். பெட்டிக்குச் சங்கிலி போடலாம். கேமரா பையைத் தலைக்கு அடியில் வைத்து, அதன் வாரை கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வது நல்லது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே கேமராவையோ போனையோ நீட்டிப் படம் எடுப்பதை, வண்டி நிலையத்தை நெருங்கி மெதுவாகும்போதாவது நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியே நின்று தட்டிப் பறிப்பவர்கள் காத்திருப்பது அந்த வேகத்துக்குத்தான். பிளாட்ஃபாரத்தில் சார்ஜ் போட்டுவிட்டு 'இதோ வர்றேன்' என்று போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேல்மலையனூர் மாதிரி நெரிசலில் பை முதுகில் இருந்தால் அது உங்கள் பை இல்லை. மார்புப் பக்கம் மாட்டுங்கள். ஜிப் உடம்பை ஒட்டி இருக்கட்டும். நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக எழுதிய அந்த அகலமான வாரைக் கழற்றிவிட்டு சாதாரண வார் போட்டுக்கொள்வது, பளபளப்பான கேமரா பைக்குப் பதில் பழைய காலேஜ் பைக்குள் மெத்தை வைத்து எடுத்துப் போவது, இதெல்லாம் அனுபவமுள்ள புகைப்படக்காரர்கள் செய்வதுதான். லென்ஸ் மாற்றும்போது பையைத் தரையில் வைக்காமல் இருக்க முடியாதென்றால், வாருக்குள் ஒரு காலை விட்டு நின்றுகொண்டு மாற்றுங்கள்.

செஞ்சியில் இன்னொரு வகைப் பறிப்பும் உண்டு. குரங்கு. தின்பண்டமும் கேமராவும் ஒரே பையில் இருந்தால் பை மொத்தமாகப் போகும். இதற்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது.

கேமராவைவிட விலை அதிகமானது

கல்யாணப் படம் எடுப்பவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: கேமரா போனால் கடன் வாங்கியாவது இன்னொன்று வாங்கிவிடலாம், மெமரி கார்டு போனால் அந்த முகூர்த்தத்தை யார் திரும்ப நடத்துவது? வாடகைக்குக் கேமரா எடுத்துத் தொழிலுக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கு இது இரட்டை அடி. ஒரு பக்கம் கேமராவின் சொந்தக்காரர், இன்னொரு பக்கம் பெண் வீட்டார்.

எனவே மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன், படம் நிறைந்த கார்டுகளைக் கேமரா பையிலிருந்து எடுத்து, சட்டையின் உள் பாக்கெட்டிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமரா என்றால், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி அமைத்து, ஒரு கார்டை உதவியாளரிடம் கொடுத்துவிடலாம். சிலர் இரண்டாவது கார்டை முதல் கார்டு நிறைந்த பிறகு பயன்படுத்தும்படி வைத்திருப்பார்கள். அந்த அமைப்பில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் நேரம்தான் மணமகன் அறையில் பைகள் ஆளில்லாமல் கிடக்கும் நேரம். பட்டு வேட்டி கட்டி வந்தவரை 'நீங்க யாரு வீட்டு பக்கம்?' என்று யாரும் கேட்பதில்லை. குழுவாக வந்திருந்தால் முறை வைத்துச் சாப்பிடுங்கள்.

கார்டில் இருப்பது மற்றவர்களின் குடும்பப் படங்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அவை தவறாகப் பயன்படுத்தப்படுவதாகத் தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ உடனே புகார் தரலாம்.

பறிபோய்விட்டது, இப்போது?

உடனடி உதவிக்கு 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை முன்கூட்டியே போனில் வைத்திருந்தால் அதில் உள்ள அவசரப் பொத்தானையும் அழுத்தலாம். ரயிலிலோ ரயில் நிலையத்திலோ நடந்தால் 139. ரயில் பயணத்தில் பொருள் திருடு போனால் அடுத்த நிலையத்தில் இறங்கித்தான் புகார் தர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவசியமில்லை. டிக்கெட் பரிசோதகரிடமோ, வண்டியில் வரும் காவலரிடமோ புகார்ப் படிவம் கேட்டு வாங்கி, எழுதிக் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.

எந்த எல்லையில் நடந்தது என்று தெரியவில்லையா? செங்கல்பட்டில் பை இருந்தது, விழுப்புரத்தில் பார்த்தால் இல்லை. இடையில் எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் நீங்கள் போகும் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மின்னணு முறையில் புகார் அனுப்பவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆனால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும். முதல் தகவல் அறிக்கையின் நகல், அதாவது எஃப்.ஐ.ஆர். நகல், புகார்தாரருக்கு இலவசம்.

இங்கே இரண்டு விஷயங்களில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, வார்த்தை. சீக்கிரம் வேலை முடியட்டும் என்று 'கேமரா காணாமல் போய்விட்டது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நடந்தது திருட்டு என்றால் திருட்டு என்றே எழுதுங்கள். தவறவிட்டதும் திருடு போனதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒன்றல்ல. பல பாலிசிகள் திருட்டுக்கு மட்டுமே பணம் தரும். இரண்டு, ரசீது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு பெறப்பட்டதற்கான ரசீது. அது மட்டும் கையில் இருந்தால் வழக்கு பதிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்சூரன்ஸுக்கும், பிறகு பொருள் கிடைத்தால் நீதிமன்றத்தில் கேட்டு வாங்கவும் எஃப்.ஐ.ஆர். தேவைப்படும். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்து மூலம் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் என்று அதே 173-ஆவது பிரிவு சொல்கிறது. அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

புகாரில் கதை வேண்டாம், விவரம் வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்குக் கடைசியாகப் பையைப் பார்த்தீர்கள், எப்போது இல்லை என்று தெரிந்தது, ரயில் எண், பெட்டி, இருக்கை எண் அல்லது பேருந்து டிக்கெட் விவரம், பைக்குள் இருந்த ஒவ்வொரு பொருளின் நிறுவனம், மாடல், வரிசை எண், வாங்கிய விலை. 'ஒரு கருப்பு கலர் கேமரா, விலை சுமார் 80 ஆயிரம்' என்று எழுதினால், பிடிபட்ட பொருட்களில் பத்து கருப்பு கேமரா இருக்கும்போது போலீஸார் என்ன செய்வார்கள்?

ஓடும் ரயில், பேருந்து போன்ற வாகனத்தில் நடக்கும் திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவின் கீழ் வருகிறது. 7 ஆண்டுகள் வரை சிறை. தெருவில் திடீரெனப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்கு 304 என்று தனிப் பிரிவே இப்போது இருக்கிறது. அதற்கு 3 ஆண்டுகள் வரை.

'ரயில்ல தானே போச்சு, ரயில்வே நஷ்டஈடு தரட்டும்' என்று வழக்குப் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, கையோடு கொண்டுபோகும் பொருளுக்கு, ரயில்வே ஊழியரின் அலட்சியமோ தவறான நடத்தையோதான் காரணம் என்று நிரூபித்தால் மட்டுமே ரயில்வே பொறுப்பு. பயணியிடமிருந்து பணம் திருடு போன ஒரு வழக்கில், அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. ஆகவே விலை உயர்ந்த சாதனம் வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள்: பூட்டாத காரிலிருந்து போனால் பணம் உண்டா? ஆளில்லாமல் விட்டுச் சென்ற பைக்கு உண்டா? வாடகைக்கு எடுத்த கேமராவுக்கு உண்டா? பல பாலிசிகளில் பதில் 'இல்லை'. திருடு போனால் உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். கடைசியில் 'பொருளைக் கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற காவல் துறைச் சான்றும் கேட்பார்கள்.

பையோடு போனும் போயிருந்தால்

வரிசை முக்கியம். முதலில் பக்கத்தில் இருப்பவர் போனிலிருந்து உங்கள் போனைப் பூட்டுங்கள். ஆண்ட்ராய்டில் 'ஃபைண்ட் ஹப்', ஐபோனில் 'ஃபைண்ட் மை'. சிம்மை முதலில் முடக்கிவிட்டால் போனுக்கு இணையம் போய்விடும், பூட்டும் கட்டளை போய்ச் சேராமல் போகலாம். பூட்டிய கையோடு சிம்மை முடக்கச் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930. சிம்முக்கு பின் எண் போட்டு வைத்திருந்தால், அதை வேறு போனில் மாட்டி ஓ.டி.பி. பார்க்கவும் முடியாது.

பிறகு காவல் நிலையப் புகார். அதன் நகலோடு 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலோ செயலியிலோ போய் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கக் கோரலாம். அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் ஆகும் என்பதால் ஓ.டி.பி. வரவில்லையே என்று பதறாதீர்கள். ஐ.எம்.இ.ஐ. எண் தெரியாதவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதே *#06# அழுத்திப் பார்த்து எழுதி வைத்துவிடலாம். முடக்கிய போனில் யாராவது சிம் போட்டால் அந்த விவரம் போலீஸாருக்குப் போகும். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.

கேமரா பைக்குள் சிறிய ட்ராக்கர் கருவி வைத்திருப்பவர்கள், அது காட்டும் இடத்துக்குத் தாங்களே கிளம்பிவிடக் கூடாது. திரையில் தெரியும் இடத்தை அப்படியே காவல் நிலையத்தில் காட்டுங்கள்.

கிடைத்துவிட்டால்?

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பொருள் பிடிபட்டால் அது வழக்குச் சொத்து. நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, நீதிமன்றத்தில் மனு போட்டு வாங்க வேண்டும். வழக்கு முடியும்வரை கேமரா பூஞ்சை பிடித்துக் கிடக்குமோ என்ற பயம் நியாயமானது. லென்ஸுக்கு ஈரப்பதம் ஆகாது. புதிய சட்டத்தின் 497-ஆவது பிரிவில் இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறார்கள்: சொத்து நீதிமன்றத்துக்கு வந்த 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல், புகைப்படம் அல்லது வீடியோ பதிவு, அதன்பின் 30 நாட்களுக்குள் அதை யாரிடம் ஒப்படைப்பது என்ற உத்தரவு. மனுவோடு நீங்கள் வைக்க வேண்டியது பில்லும், வரிசை எண்ணின் படமும்.

பழைய கேமரா வாங்குபவர்களும் அதே இரண்டையும் கேட்டுப் பெற வேண்டும். பில் இல்லை, பாக்ஸ் இல்லை, வரிசை எண் இருந்த இடம் சுரண்டப்பட்டிருக்கிறது, ஆனால் விலை மட்டும் பாதி என்றால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால், வாங்கியவருக்கும் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. பழைய போன் என்றால் இன்னும் சுலபம்: ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று பதில் வந்துவிடும். காசைக் கொடுக்கும் முன் அனுப்புங்கள்.